இங்கிலாந்துல வீட்டோட குழந்தை பார்த்துக்கறீங்களா? பெத்தவங்ககிட்ட எதை, எப்போ, எப்படிச் சொல்லணும்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இங்கிலாந்து வந்து, சைல்டுமைண்டரா வீட்டிலேயே தொழில் ஆரம்பிக்கிற அம்மணிகளுக்கு இது. பதிவு விஷயத்தைச் சுருக்கமா முடிச்சுக்கறேன். எட்டு வயசுக்குள்ள இருக்கிற அடுத்தவங்க குழந்தையைக் காசு வாங்கிட்டு உங்க வீட்ல நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல பார்த்தீங்கன்னா, ஆஃப்ஸ்டெட்லயோ (பள்ளி, குழந்தைக் காப்பகங்களைச் சோதிக்கிற அரசாங்க அமைப்பு) சைல்டுமைண்டர் ஏஜென்சியிலயோ பதிவு கட்டாயம். 12 மணி நேரக் குழந்தைகள் முதலுதவிப் பயிற்சி, உங்களுக்கும் வீட்ல குடியிருக்கிற 16 வயசு ஆனவங்களுக்கும் டிபிஎஸ் (குற்றப் பதிவு இருக்கான்னு பார்க்கிற சோதனை), இன்சூரன்ஸ், இதெல்லாம் வேணும். மாணவர் விசாவுல இருக்கிறவங்க சொந்தத் தொழில் செய்யவே கூடாதுங்க.

பதிவெல்லாம் முடிச்சு, குழந்தைகளையும் பாசமா பார்த்துக்கிட்டும், சிலர் வீட்ல குழந்தை நிக்கறதில்லை. பெத்தவங்களோட மனஸ்தாபம்தான் காரணம். ஊர்ல குழந்தையை விட்டுட்டுப் போறதுன்னா அம்மிச்சிகிட்ட, இல்லீன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட. அங்க காசு பேசறதும் இல்லை, எழுதி வாங்கறதும் இல்லை. இங்க வர்றவங்க உங்களை முன்னப்பின்ன பார்த்ததே இல்லை. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லியிருக்கணும், சொன்னது எழுத்துல இருக்கணும்.

காசைப் பத்திப் பேசக் கூச்சப்படாதீங்க. "பார்த்துக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, அது அவங்களுக்குத்தான் சங்கடம். ஒப்பந்தத்துல எழுத வேண்டியது: எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, மாசச் சம்பளம் எந்தத் தேதி, லேட்டா வந்தா ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் எவ்வளவு, நீங்க லீவு எடுத்தா காசு உண்டா, அவங்க ஊருக்குப் போனா உண்டா, நிறுத்தறதா இருந்தா எத்தனை வாரம் முன்னாடி சொல்லணும் (4 வாரம்னு போடறது வழக்கம்). அதிகம் சண்டை வர்றது காய்ச்சல் நாளுக்குத்தான். வாந்தி, பேதி நின்னு 48 மணி நேரம் கழிச்சுத்தான் குழந்தை வரலாம். சின்னம்மைன்னா கொப்புளம் கண்டு 5 நாளாவது ஆகணும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்கணும். இதையும், அந்த நாட்களுக்குக் காசு உண்டா இல்லையாங்கறதையும், கையெழுத்துப் போடற அன்னிக்கே வாய்விட்டுப் படிச்சுக் காட்டிருங்க. காலைல 8 மணிக்கு ஆபீஸ் கிளம்பற அம்மாகிட்ட வாசல்ல நின்னு அந்த விதியைச் சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்தது சாப்பாடு. இங்க பேரைச் சொல்லித் தெரியப்படுத்த வேண்டிய அலர்ஜிப் பொருள் 14. தேங்காய் அதுல இல்லை. ஆனா கடுகு, எள்ளு, நிலக்கடலை, பால், கோதுமை எல்லாம் இருக்கு. நம்ம அரிசிம்பருப்புச் சோத்தையே எடுத்துக்குங்க. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம்னு பார்த்தா சாதுவான சாப்பாடு. தாளிச்சது கடுகு. மேல ஊத்தின நெய்யில பால். கடையில வாங்கற பெருங்காயத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எண்ணெய் ஊர்லிருந்து கொண்டு வந்த செக்குக் கடலெண்ணெயா இருந்தா, சுத்திகரிக்காததால அதுல கடலைப் புரதம் தங்கியிருக்கும். ஆக ஒரே தட்டுக்கு நாலு அலர்ஜிப் பொருளோட பேரை எழுதணும். வார மெனுவை இந்த மாதிரி பொருளோட எழுதி ஞாயித்துக்கிழமையே அனுப்பிருங்க. அலர்ஜி என்னன்னு, குழந்தை முதல் நாள் வர்றதுக்கு முந்தியே எழுதி வாங்கிருங்க.

ஊட்டி விடறது, தட்டு காலியாகற வரைக்கும் விடாம இருக்கறது, இதெல்லாம் நமக்குப் பாசம். பல பெத்தவங்க குழந்தை தானா எடுத்துத் தின்னணும், போதும்னா விட்டுரணும்னு நினைப்பாங்க. அவங்க வழி என்னன்னு கேட்டுக்குங்க. திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்குங்க. முழுக் கடலை 5 வயசு வரைக்கும் வேண்டாம், தேன் 1 வயசு வரைக்கும் வேண்டாம். வசம்பு உரசிக் குடுக்கறது, மார்ல தைலம் தேய்க்கறது, மை வைக்கறது எதையும் நீங்களா செய்யாதீங்க. கால்பால் (குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்து) கூட, அந்த மருந்துக்குன்னு எழுத்துல அனுமதி இருந்தாத்தான். குடுத்த நேரமும் அளவும் அன்னிக்கே அவங்களுக்குத் தெரியணும்.

குழந்தை விழுந்துட்டா? பொழுதோட கூட்டிட்டுப் போக வரும்போது சொல்லிக்கலாம்னு வெச்சிராதீங்க. தலையில அடின்னா சின்னதோ பெருசோ உடனே போன். மத்த அடி எல்லாம் அன்னிக்கே எழுத்துல போகணும். "லேசா விழுந்தான், ஒண்ணுமில்லை"ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இப்படி எழுதுங்க: "10:20. பின்னாடி புல்தரையில ஓடும்போது கால் தடுக்கி விழுந்தான். வலது முழங்கால்ல 2 செ.மீ. சிராய்ப்பு. தண்ணியில கழுவி, ஈரத்துணி 5 நிமிஷம் வெச்சேன். அழுகை நின்னு மறுபடி விளையாடப் போயிட்டான்." கீழ அவங்க கையெழுத்து. இன்னொரு குழந்தை கடிச்சு வெச்சதுன்னா கடிச்ச குழந்தை பேரை எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். எத்தனை தடவை கேட்டாலும்தான்.

காலையில குழந்தை வரும்போதே உடம்புல காயம், கன்னிப்போன தடம் இருந்தா அங்கேயே கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிக்குங்க. நம்ம குழந்தைகள் பல பேருக்கு இடுப்புல, முதுகுல பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். அதையும் சேர்றப்பவே குறிச்சு வெச்சுட்டா, பின்னாடி யாரும் அதை அடின்னு நினைக்க மாட்டாங்க. சந்தேகப்படும்படியா ஏதாவது தெரிஞ்சா கவுன்சில் குழந்தைகள் பிரிவுக்குச் சொல்றது நம்ம கடமைன்னும் ஒப்பந்தத்தோட எழுதிக் குடுத்திருங்க. பழக்கத்துக்காக அதை மறைக்க முடியாதுங்க.

சாயங்காலம் வாசல்ல "நல்லா இருந்தான்"னு அனுப்பிராதீங்க. தூங்கின நேரம், சாப்பிட்டது, டயாப்பர், அப்புறம் அந்தக் குழந்தை மட்டுமே செஞ்ச ஒரு விஷயம். ரெண்டு நிமிஷத்துல சொல்லிரலாம். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் அந்த அம்மா நாள் பூரா காத்துட்டு இருந்திருப்பாங்க. சங்கடமான பேச்சு இருந்தா குழந்தை காதுபட வேண்டாம், ராத்திரி 8 மணிக்குப் போன்ல வெச்சுக்குங்க.

பதில் 1 (கோபிப் பக்கம், இப்போ ரெடிங்)

அக்கா சொன்னதோட தூக்கத்தையும் சேர்த்துக்குங்க. கைக்குழந்தையைச் சேலைத் தொட்டில்ல போடாதீங்க, நம்ம சொந்தக்காரங்க குழந்தையா இருந்தாலும். தட்டையான, கெட்டியான மெத்தையில மல்லாக்கப் படுக்க வைங்க. அறை 16லிருந்து 20 டிகிரி. வீட்ல தொட்டில்ல தூங்கிப் பழகின குழந்தைன்னா, சேர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பெத்தவங்களைக் குழந்தைக் கட்டில்ல (cot) பழக்கச் சொல்லுங்க. முதல் நாள் அழுகையில பாதி இதனாலதான்.

போட்டோவுக்குத் தனியா அனுமதி வாங்குங்க. எல்லாப் பெத்தவங்களையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, அதுல குழந்தைங்க படத்தை ஏத்தாதீங்க. அவங்கவங்க குழந்தை படம் அவங்கவங்களுக்கு மட்டும் போகட்டும். எழுத்துல புகார் வந்தா விசாரிச்சு 28 நாளுக்குள்ள முடிவைச் சொல்லணும்ங்கறது விதி. 28ஆவது நாள் வரைக்கும் இழுக்காதீங்க, அன்னிக்கே "கிடைச்சதுங்க, இந்தத் தேதிக்குள்ள பதில் சொல்றேன்"னு போட்டாலே பாதி சூடு தணிஞ்சிரும்.

பதில் 2 (தாராபுரம், இப்போ மில்டன் கீன்ஸ்)

தெரிஞ்சவங்க கெஞ்சறாங்கன்னு எண்ணிக்கையை மீறாதீங்க. 8 வயசுக்குள்ள 6 பேர், அதுல 5 வயசுக்குள்ள 3 பேர், அதுலயும் 1 வயசுக்குள்ள ஒண்ணு, இதுதான் பொதுவான கணக்கு. உங்க சொந்தக் குழந்தையும் இதுல சேரும். அக்கா, தங்கச்சி பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டா அரசாங்க இலவச மணி நேரம் வராதுங்க, முன்கூட்டியே அவங்ககிட்டச் சொல்லிருங்க.

மத்தவங்களுக்கு, வேலைக்குப் போற பெத்தவங்கன்னா, 9 மாசத்திலிருந்து வாரம் 30 மணி நேரம், வருஷத்துக்கு 38 வாரம் கிடைக்கும். அதுக்கான அரசாங்க அனுமதி எண்ணை (code) பெத்தவங்க எடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31. அதைத் தவற விட்டா அடுத்த பருவம் வரைக்கும் அந்தக் காசு அவங்க கையிலிருந்து போகும். மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கவும் வேணும், அதை மறக்கறவங்கதான் நிறைய. ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தத் தேதியை உங்க போன்ல போட்டு வெச்சு, பத்து நாள் முன்னாடி ஒரு மெசேஜ் தட்டிருங்க.