கோலாலம்பூர் வீட்டுத் தோட்டத்தில் குங்குமப்பூ பூக்குமா?

செந்தூல் அக்கா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். வாசலில் மல்லிகையும் கறிவேப்பிலையும் பாண்டானும் செழிப்பாக வளர்ந்து நிற்கின்றன. என் மகள் கருவுற்றிருப்பதால் பாலில் கலந்து கொடுக்கக் குங்குமப்பூ வாங்கப் போனபோது, அதன் விலையைக் கேட்டு, இதை நாமே வளர்த்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. இணையத்தில் ஒருவர் குங்குமப்பூ விதைப் பொட்டலத்தையும், மற்றொருவர் சிறு வெங்காயம் போன்ற கிழங்குகளையும் விற்கிறார்கள். இவற்றில் எதை வாங்குவது? செடியை வெயிலில் வைக்க வேண்டுமா, நிழலில் வைக்க வேண்டுமா? நம் ஊர் மழையை அது தாங்குமா? வளர்த்துப் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பட்டர்வொர்த் மாடித்தோட்டம் (பதில்):

வணக்கம் அக்கா. விதைப் பொட்டலத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். குங்குமப்பூச் செடியின் செல்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இல்லாமல் மூன்று தொகுதிகளாக இருப்பதால் அது விதை வைப்பதே இல்லை. காஷ்மீரின் பாம்போரிலும் சரி, உலகிலேயே மிக அதிகமாக விளைவிக்கும் ஈரானிலும் சரி, உழவர்கள் கிழங்கைப் பிரித்து நட்டுத்தான் அதைப் பெருக்குகிறார்கள். ஆகவே விதை என்று விற்கப்படுவது வேறு ஏதோ ஒன்றுதான்.

கிழங்கிலும் கவனம் தேவை. கொல்சிக்கம் என்னும் செடியின் பூ பார்வைக்குக் குங்குமப்பூவைப் போலவே இருக்கும், ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் கடும் நஞ்சு. பூத்த பிறகு மகரந்தக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள்: குங்குமப்பூவில் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. குங்குமப்பூவில் அடர்சிவப்பான மூன்று சூல்முடிகள் இதழ்களுக்கு வெளியே நீண்டு தொங்கும். நாம் சமையலில் சேர்ப்பது அந்த மூன்று இழைகளைத்தான். கர்ப்பிணிக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வெயில், நிழல், மழை ஆகியவற்றைவிட வெப்பநிலைதான் இந்தச் செடியின் போக்கைத் தீர்மானிக்கிறது. இலையுதிர்ந்து கிழங்கு உறங்கும் கோடை மாதங்களில், 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அல்லது அதற்கு மேலும் இருந்தால்தான் கிழங்கினுள் பூமொட்டு உருவாகும். அதன்பின் சூழல் 17 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் அந்த மொட்டு வெளியே வரும். காஷ்மீரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தக் குளிர்ச்சி தானாகவே வந்துவிடுகிறது. நமக்கோ பகலில் 32, இரவில் 24 என்று ஆண்டு முழுவதும் ஒரே நிலைதான். முதற்கட்டத்துக்குத் தேவையான வெப்பத்துக்கு நாம் ஓரளவு அருகில் இருக்கிறோம், ஆனால் இரண்டாம் கட்டம் நம் வாசலில் ஒருநாளும் நிகழாது. திறந்த வெளியில் நட்டால் பெரும்பாலும் பூ வராது, நீர் தேங்கினால் கிழங்கும் அழுகிவிடும்.

வீட்டுக்குள் ஒருமுறை பூக்க வைப்பது கடினமல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் விற்பனைக்கு வரும் கிழங்குகளில் மொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். எட்டு கிராமுக்குக் குறைந்த கிழங்குகள் பெரும்பாலும் பூப்பதில்லை என்பதால் பெரியவற்றையே கேட்டு வாங்குங்கள். மண்ணின்றி ஒரு தட்டில் அடுக்கி, 17 டிகிரியில் நிலைநிறுத்தக்கூடிய ஒயின் குளிர்பெட்டியில் சில வாரங்கள் வைத்தால் பூக்கும். பூ விரிந்த அன்று காலையிலேயே இழைகளைப் பறித்து உலர்த்திவிடுங்கள். ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 150 பூக்கள் தேவைப்படும், ஆனால் ஒரு கிழங்கு ஒன்று முதல் மூன்று பூக்கள்தான் தரும். எனவே கடைச் செலவை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு இதில் இறங்க வேண்டாம். நாமே வளர்த்த சில இழைகளைத் தீபாவளிப் பாயசத்தில் போடும் மகிழ்ச்சிக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

செந்தூல் அக்கா:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? பூத்து முடிந்த கிழங்கை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியுமா?

தானா ராத்தா வாசி (பதில்):

சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி நான்கு டிகிரி வரை குளிர்ந்துவிடும். அது மொட்டு வெளிவரத் தேவையான வெப்பநிலையைவிட மிகக் குறைவு, ஆகவே அது உதவாது.

அடுத்த ஆண்டைப் பற்றிய கேள்விதான் இதில் மிகக் கடினமானது. நட்ட கிழங்கு பூத்து இலைவிட்டபின் சுருங்கி அழிந்துவிடும், அதன்மேல் புதிய சேய்க்கிழங்குகள் தோன்றும். அவை பருக்க வேண்டுமானால் இலைகளுக்குப் பல மாதங்கள் குளிர்ச்சியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். கோலாலம்பூர் வெப்பத்தில் இலை சீக்கிரம் வாடினால் சேய்க்கிழங்குகள் சிறுத்துப்போகும், அவை மறு ஆண்டு பூப்பதும் அரிது.

நான் வசிக்கும் கேமரன் மலையில் இதற்கு நேர்மாறான நிலை. இங்கே சராசரி வெப்பநிலை 18 டிகிரி அளவில் இருப்பதால் மொட்டு வெளிவருவதற்கும் இலை வளர்வதற்கும் ஏற்றது, ஆனால் மொட்டு உருவாகத் தேவையான வெப்பம் இல்லை. ஆகவே உங்களுக்கு மலைமேல் உறவினர் யாராவது இருந்தால், பூத்து முடிந்த கிழங்குகளைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் தொட்டியில் நட்டு இங்கே அனுப்பிவிடுங்கள். இங்கு மழை அதிகம் என்பதால் தொட்டி கூரைக்கடியில் இருக்க வேண்டும், மண்ணில் பாதியளவு மணல் கலந்திருக்க வேண்டும். இலை மஞ்சளானதும் நீரை நிறுத்திக் கிழங்கைத் தோண்டியெடுத்து, உங்கள் வீட்டில் 25 டிகிரியில் இருக்கும் குளிரூட்டிய அறையில் உலர்வாக வைத்து, மொட்டு உருவானபின் மீண்டும் குளிருக்குக் கொண்டுவரலாம். செடியின் இயல்பை வைத்துப் பார்க்கும்போது, நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை.

பட்டர்வொர்த் மாடித்தோட்டம்:

மலைக்கு அனுப்பும் யோசனை மிக நன்று. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கிழங்கு வரவழைத்தால் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இவை இல்லாமல் அஞ்சலில் வரும் பொட்டலம் பறிமுதல் செய்யப்படலாம். உள்ளூரில் விற்பவரிடம் வாங்கினாலும், முறையாக வந்த சரக்குதானா என்று கேட்டு, கிழங்கின் எடையையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள், அக்கா.