மாடிக்கு விட்ட கம்பி: அப்பா வீட்டில் எனக்கு என்ன இடம்?

பாமணியாறு கேட்கிறார்:

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு 36 வயது, சென்னையில் வேலை. நான் தன்பாலீர்ப்பாளன். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மூன்று வருடமாகத் தெரியும், ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்பாவுக்குச் சொல்லவே இல்லை, போன தை மாதம் தவறிவிட்டார்.

1998-ல் அப்பா ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடாகக் கட்டினார். மேலே தூண்களுக்குக் கம்பியை நீட்டி விட்டுவைத்தார், சின்னவனுக்குக் கல்யாணம் ஆகும்போது மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று. அந்தக் கம்பி இன்னும் அப்படியே நிற்கிறது, துருப்பிடித்து, ஒன்றில் அம்மா துணிக்கொடி கட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மன்னை எக்ஸ்பிரசில் இறங்கி விடிகாலையில் தெருவுக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இப்போது அண்ணன், "நீ தனி ஆள், குடும்பம் குட்டி கிடையாது, வீட்டில் உன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு, எப்ப வேணும்னாலும் வந்து தங்கு" என்கிறான். அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, ஆகவே நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் நான் தனி ஆளும் இல்லை. ஐந்து வருடமாக ஒருவனோடு வாழ்கிறேன். ஒரு பொங்கலுக்கு அவனை ரூம்மேட் என்று சொல்லி அழைத்துப் போனேன். அம்மா இலை போட்டு நன்றாகப் பரிமாறினார், ராத்திரி அவனுக்குத் திண்ணையில் பாய், எனக்குக் கூடத்தில் பிள்ளைகளோடு. அண்ணி வீட்டிலிருந்து யார் வந்தாலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

கையெழுத்துப் போடலாமா? சேர்ந்து தங்க முடியாத வீட்டை என் வீடு என்று பிடித்துக்கொண்டிருப்பது அசட்டுத்தனமா?

பத்திரக்காரி எழுதுகிறார்:

தம்பி, இருபது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன், போடாதீர்கள். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது லேசான காரியம் இல்லை. "எப்ப வேணும்னாலும் வந்து தங்கு" என்பது பத்திரத்தில் வராது, நாளைக்கு அண்ணன் பிள்ளைகள் தலையெடுத்தால் அது யாருக்கும் ஞாபகமும் இருக்காது.

வீடு அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், அக்கா நான்கு பேருக்கும் சமமாக நாலில் ஒரு பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் சேர்ந்து ஐந்து. கல்யாணம் ஆனதா, பிள்ளை இருக்கிறதா என்று சட்டம் கேட்பதே இல்லை. அப்புறம், வீடு இருப்பது கோயில் மனையா என்று பாருங்கள். நம் பக்கம் நிறைய ஊரில் கட்டடம்தான் நம்முடையது, அடிமனை கோயிலுடையது, அதற்குப் பகுதி, அதாவது கோயிலுக்கு மனை வாடகை, கட்டுவோம். அப்படியென்றால் கணக்கு வேறு.

இப்போது கொஞ்சம் திட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அண்ணன் உங்களைக் கழித்துவிட்டார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நீங்கள் அவரை ஒரே வரியில் கழித்துவிட்டீர்கள்! பழைய சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் பெண் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம். மகள் அங்கே குடியிருக்க வேண்டுமென்றால் கல்யாணம் ஆகாதவளாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்தவளாக, இல்லை தாலி அறுத்தவளாக இருக்கவேண்டும். நன்றாக வாழ்கிறவளுக்கு அப்பா வீட்டில் தங்க உரிமை கிடையாது. அந்தப் பிரிவை 2005-ல்தான் எடுத்தார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது, ஆனால் அதற்கு முன்பே கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிட்டது. சட்டமே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டபோது உங்கள் அண்ணனை மட்டும் சொல்லி என்ன!

இன்னொன்று. உங்களோடு இருப்பவர் சட்டப்படி உங்கள் வாரிசு இல்லை. 17.10.2023 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் எல்லாம் அம்மாவுக்குப் போகும், அம்மா இல்லையென்றால் அண்ணனுக்கும் அக்காவுக்கும். சென்னையில் நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பிரிட்ஜில் உங்கள் பாதியும் அதில் சேர்த்திதான். உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள்.

இரண்டுவீட்டுக்காரி எழுதுகிறார்:

மேலே அக்கா சொன்னதற்கு ஒரு கும்பிடு. நான் திருத்துறைப்பூண்டி பக்கம் பிறந்து பாபநாசம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான மறு வருடமே என் அலமாரியில் தம்பியின் சட்டைகள் ஏறிவிட்டன. அம்மா வீட்டுக்குப் போனால் பெட்டியைப் பிரிக்காமல் கூடத்து மூலையில் வைத்துக்கொள்வேன். இங்கே மாமியார் கோபம் வந்தால் "உங்க வீட்டுல இப்படித்தானா" என்பார். அங்கே தம்பி பெண்டாட்டி, பாவம் நல்ல பெண், "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா" என்பாள்.

2018-ல் கஜா புயலில் அம்மா வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது, கொல்லையில் ஒரு தென்னை மிச்சமில்லை. நான் கையிலிருந்த நகையை வைத்துப் பணம் கொடுத்தேன். கொடுக்கும்போது யாரும் இது உன் வீடு இல்லையே என்று சொல்லவில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எனக்கு ஒரு பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தார்கள், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. அதை நான் இன்னும் கட்டவில்லை.

உங்கள் அக்காவை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஊரிலிருப்பவன் எழுதுகிறார்:

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். ஊரில் இருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார்? மேட்டூர் திறந்து முறைத் தண்ணீர் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மடை பார்ப்பது யார்? நானும் ஒரு அண்ணன்தான், என் தம்பி பெங்களூரில் இருந்துகொண்டு போனில் பாசம் காட்டுவான். உங்கள் சொந்த விஷயத்தில் நான் தலையிடவில்லை, ஆனால் பங்கு கேட்டால் பாரமும் பங்குதான்.

கும்பகோணத்துக்காரி எழுதுகிறார்:

ஊரிலிருப்பவன் அண்ணே, பாரத்தைச் சுமக்கிறேன் என்று கெஞ்சினாலும் விடாத வீடுகள் இருக்கின்றன. நான் திருநங்கை. சின்ன வயதில் எனக்குப் பிடித்த இடம் எங்கள் வீட்டுக் கொல்லைதான். பெண்களெல்லாம் அங்கே பாத்திரம் தேய்ப்பார்கள், மாவு இடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், நானும் உட்கார்ந்திருப்பேன், யாரும் விரட்டவில்லை. ஒரு மார்கழியில் வாசலுக்கு வந்து கோலம் போட்டேன், அன்றைக்குத்தான் அடி விழுந்தது. கொல்லையில் நான் எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, வாசல் என்றதும் தெரு பார்க்கிறதே என்று வந்துவிட்டது. பதினேழு வயதில் கிளம்பிவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து வந்தபோது அம்மா ராத்திரியில் கொல்லைக்கதவைத் திறந்து சோறு போட்டார். அப்பா செத்தபோது சுடுகாட்டு ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நின்று பார்த்தேன்.

திருநர் சட்டம் 2019-ல் வந்தது. அதில் 12-ஆம் பிரிவு, பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் இருக்கும் வீட்டில் குடியிருக்க எங்களுக்கு உரிமை உண்டு, வெளியேற்றக் கூடாது என்கிறது. சரி. அதே சட்டம் குடும்பம் என்றால் ரத்த உறவு, திருமணம், சட்டப்படி தத்து, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புமாம். எனக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்து, மகளே என்று கூப்பிட்ட என் குருவின் வீடு அதில் எங்கேயும் இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை, தாங்களாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் உண்டு என்று சொன்னது. பெற்றவர்கள் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவள் தோழி மீட்கப் போட்ட வழக்கு அது. படித்துவிட்டு என் குருவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு ஒரு கோர்ட்டு வேணுமாடி" என்றார்.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் தஞ்சாவூரில் கிட்டப்பா பிள்ளையிடம்தான் ஆடக் கற்றார், 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரை டிவியில் பார்த்துக் கைதட்டும் ஆட்களே எனக்கு மாடி போர்ஷன் வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் ஒன்றரை மடங்கு.

தம்பி, உன் ஆளைத் திண்ணையில் படுக்க வைத்தார்கள் என்று வருத்தப்படுகிறாய். எனக்கு அந்தத் திண்ணை கிடைத்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். அதற்காக நீ திண்ணையோடு நின்றுவிடு என்று சொல்லவில்லை.

பாமணியாறு எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. பத்திரக்காரி அக்கா, திட்டு நியாயம்தான், இரண்டு நாள் பதில் எழுத வெட்கமாக இருந்தது. ஊரிலிருப்பவன் அண்ணே, அம்மா மருந்துச் செலவு நான்தான் அனுப்புகிறேன், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இல்லை என்பது உண்மை.

நேற்று அக்காவைக் கூப்பிட்டேன். அண்ணன் அவளிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறான், "ஆடிப்பெருக்குக்கு வரும்போது பேசிக்கலாம்" என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். பங்கு கேட்டால் சீர் வருவது நின்றுவிடுமே என்று பயமாம். என் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பொங்கலுக்கு வந்தவனா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். "அவனுக்கு அன்னைக்கு ராத்திரி நல்ல கொசுக்கடி" என்றாள்.

ஆடிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம், அம்மாவையும் வைத்துக்கொண்டு. அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. போனை வைக்கும் முன்பு அக்கா சொன்னது, மேலே இருக்கிற கம்பிக்கு முதலில் சிமெண்ட் பால் பூசி வைக்க வேண்டுமாம், துரு உள்ளே இறங்கினால் மாடி எடுக்க நினைக்கும்போது தூண் தாங்காதாம்.