மெக்கானிக்கல் மூணாம் வருஷம், தமிழ் மீடியம். ஆன்லைன்ல இங்கிலீஷ் பேசிப் பழக வழி சொல்லுங்க

மன்னை_மைந்தன்:
ஊரு மன்னார்குடி பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எழுதச் சொன்னா தப்பில்லாம எழுதிடுவேன், வாயத் திறந்தாதான் சிக்கல்.

போன வாரம் காலேஜ்ல மாதிரி குரூப் டிஸ்கஷன். தலைப்பு மின்சார வண்டி. எங்க மாமா ஓட்டுறதே பேட்டரி ஆட்டோதான். மழைக்காலத்துல சார்ஜ் போட இடம் தேடி அவர் படற பாடு எனக்குத் தெரியும், மத்த ஏழு பேருக்கும் தெரியாது. ஆனா பதினஞ்சு நிமிஷத்துல நான் பேசினது "யெஸ், ஐ அக்ரீ". ரெண்டு தடவை.

ஒரு ஆப்ல காசு கட்டியும் பாத்தேன். "ஹவ் வாஸ் யுவர் டே?"ன்னு கேட்டாங்க, "ஃபைன்"னேன். அதுக்கு மேல போகல. ஹாஸ்டல் ரூம்ல சத்தமா பழகினா "துரை வந்துட்டாரு"ன்னு கிண்டல். மொட்டை மாடி தண்ணி டேங்க் பக்கம்தான் போகணும். காசில்லாம ஏதாவது வழி இருக்கா?

பழைய_டிரெய்னர்:
தம்பி, எட்டு வருஷம் கால் சென்டர்ல டிரெய்னரா இருந்தவன் சொல்றேன். உங்களுக்கு வார்த்தை பஞ்சம் இல்ல. தமிழ்ல வினை கடைசியில வரும். "நான் நேத்து மாமா கூட ஆட்டோல டவுனுக்குப்..." வரை நிதானமா வந்து, முடிவுல "போனேன்"னு சொல்லிக்கலாம். இங்கிலீஷ்ல "ஐ"க்கு அடுத்ததே "வென்ட்". அதனால நம்ம பசங்க முழு வாக்கியத்தையும் மனசுக்குள்ள கட்டி, தலைகீழாத் திருப்பி, அப்புறம் வாயத் திறக்கறாங்க. அதுக்குள்ள பக்கத்துல இருக்கறவன் பேசிட்டுப் போயிடுவான்.

பழக்கம் இதுதான்: யார், என்ன செஞ்சாங்க, ரெண்டை மட்டும் முதல்ல வெளிய விடுங்க. "மை அங்கிள் டிரைவ்ஸ்." நிறுத்துங்க. எதை? "ஆன் எலெக்ட்ரிக் ஆட்டோ." எங்க, எப்ப எல்லாம் பின்னாடி ஒட்டிக்கும்.

கேக்கறதுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷோட 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இருக்கு, இலவசம், பேசறது எழுத்தாவும் கிடைக்கும். முதல் தடவை எழுத்தப் பாக்காம கேளுங்க. மறுபடி போட்டு, அவங்க பேசப் பேச அரை வினாடி பின்னாடியே நீங்களும் பேசுங்க. 'டெவலப்'ல அழுத்தம் நடுவுல விழும், நாம முதல்லயே அழுத்திடுவோம். அது இப்படித்தான் காதுல ஏறும். சில கம்பெனியில வெர்சன்ட்னு ஒரு டெஸ்ட் வைப்பாங்க. வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ற பகுதி அதுல உண்டு. அதுக்கும் இதே பயிற்சிதான்.

கீச்சுக்கிளி:
டிரெய்னர் சார் சொன்ன அழுத்தமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ, முதல்ல பேச ஒரு ஆள் வேணும். நானும் என் ஸ்கூல் தோழியும் தினம் வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பிக்கறோம். ஒரே சட்டம்: திருத்தக் கூடாது, அழிச்சிட்டுத் திரும்பப் பேசவும் கூடாது. முதல் நாள் மெஸ் உப்புமாவைப் பத்திப் பேசினேன். கட்டி கட்டியா இருக்குன்னு சொல்ல வார்த்தை வரல, "லைக் ஸ்டோன்"னு சமாளிச்சேன். அவளுக்குப் புரிஞ்சுது, போதும்.

ராமு_இ.சி.இ:
தமிழ்நாடு அரசோட 'நான் முதல்வன்' திறன் பயிற்சி போர்ட்டல் பாத்தீங்களா?

மன்னை_மைந்தன்:
பாத்தேன் ராமு. பாடம் இருக்கு, எதிர்ல பதில் சொல்ற ஆள்தான் வேணும்.

டிரெய்னர் அண்ணே, நேத்து டேங்க் பக்கம் போய் மாமா ஆட்டோவை வச்சே ரெக்கார்ட் பண்ணினேன். நாப்பது செகண்ட் வந்துச்சு. அதுல பத்து செகண்ட் "ம்ம்"தான், பரவால்ல. 'சார்ஜ்' வந்த இடத்துல மட்டும் மாமா கதை தமிழ்லயே ஓடிடுச்சு.

வாய்ஸ் நோட்டுக்குக் கூட்டாளி யாராச்சும் வரீங்களா? ராத்திரி 9 மணிக்கு மேல, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி. திருத்தக் கூடாதுங்கற சட்டம் எனக்கும் ஓகே.