மனப்பாடம் செய்த உரை மேடையில் மறந்துவிடுகிறது: ஏழாம் வகுப்பு மாணவியைப் பேச்சுப் போட்டிக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி: பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுபவள். எங்கள் மாடு கன்று ஈன்ற கதையை மட்டுமே அரை மணி நேரம் சொல்லுவாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பள்ளியில் அவளைப் பேச்சுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 'நீரின்றி அமையாது உலகு' என்ற தலைப்பில் நான்கு பக்க உரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் விடாமல் படித்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்திருந்தாள்.

போட்டியன்று, நைல் நதிக்கரையில் எகிப்திய நாகரிகம் தோன்றியது என்பது வரை தங்கு தடையின்றிப் பேசியவள், 'சிந்து நதிக்கரையில்' என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். மீண்டும் 'சிந்து நதிக்கரையில்' என்றாள். மூன்றாவது முறையும் அதையே சொல்லிவிட்டு, ரிப்பன் கட்டிய சடையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மணி அடிக்கும் வரை அப்படியே நின்றாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. அந்த நான்கு பக்கத் தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தவள், பிறகு அதைத் தொடவே இல்லை.

அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இன்னொரு போட்டிக்கும், தண்ணீரைப் பற்றிய தலைப்பிலேயே, அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, அல்லது மனப்பாடம் செய்யாமல் பேசுவதற்கு வேறு வழி உண்டா? நான் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, தயவுசெய்து பெயரைத் திரும்பப் பெற வேண்டாம். உங்கள் மகளுக்குப் பேச வராமல் போகவில்லை. பிறர் எழுதிய வாக்கியம்தான் வராமல் போனது. ஒப்பிக்கும்போது ஒரு சொல்தான் அடுத்த சொல்லை அழைத்து வருகிறது. இடையில் ஒன்று நழுவினால் அடுத்ததைப் பிடிக்க வேறு கைப்பிடியே இல்லை. கன்று ஈன்ற கதையில் அவள் ஏன் தடுமாறுவதில்லை என்று எண்ணிப் பாருங்கள். மழை பெய்ததைச் சொல்ல மறந்தாலும் கன்று எழுந்து நின்றதற்கு நேராகப் போய்விடுவாள், ஏனெனில் அது நடந்தபோது அவள் அங்கே இருந்தாள்.

நான் பல ஆண்டுகள் நடுவராக அமர்ந்திருக்கிறேன். தண்ணீர் என்று தலைப்புக் கொடுத்தால், காலை முதல் மாலை வரை அதே நைல் நதிதான் ஓடிக்கொண்டிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டக் குழந்தைகளுக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையே இல்லை. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. அந்த நீரையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிவதும், நெடுங்காலம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போவதும் நாம் கண்ணால் கண்டவை. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2013 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. பென்னாகரத்துப் பிள்ளை இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வான் சிறப்பு அதிகாரத்தின் கடைசிக் குறள், நீரின்றி உலகம் அமையாது என்பதோடு நிற்காமல், அந்த நீரும் வானின்றி அமையாது என்று மழைக்குப் போகிறது. பேசுபவர்களில் பெரும்பாலோர் முதல் பாதியோடு இறங்கிவிடுகிறார்கள். மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைக்கும் ஊரில் இரண்டாம் பாதிதான் முக்கியம்.

உரையை எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தெந்தச் செய்தி, எந்த வரிசையில் என்பதை மட்டும் அவளே முடிவு செய்யட்டும். ஒரு செய்திக்கு ஒரு சொல் என ஐந்து சொற்களைச் சிறு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு ஒவ்வொரு நாளும் வேறொருவரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வாக்கியம் மாறும், வரிசை மாறாது.

தருமபுரியின் பழைய பெயரான நம் தகடூருக்கே உரிய ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், என் மன்னன் பெருவீரன் என்று முழங்கவில்லை. உன் படைக்கருவிகள் பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க அரண்மனையில் இருக்கின்றன; அவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று இரண்டு காட்சிகளைச் சொன்னார், அவ்வளவுதான். அடைமொழிகளை அடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுக் காட்சியைக் காட்டக் கற்றுக் கொடுங்கள்.

பதில் 2: தேன்கனிக்கோட்டை, கல்லூரி மாணவி

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும், மேற்கோளாகச் சொல்லும் செய்யுளையும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. மேடையேறியவுடன் நெஞ்சு படபடக்கும் அந்த அரை நிமிடத்தைக் கடக்க அது உதவும். முடிவு கையில் இருந்தால், மணி அடித்தவுடன் பாதியில் இறங்க வேண்டியிருக்காது.

எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். எட்டாம் வகுப்பில் நான் 'வாழ்க்கை' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'வாள்க்கை' என்று சொன்னேன் என, ஒரு நடுவர் எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்ட, அரங்கம் சிரித்தது. அதன்பின் ஓராண்டு எந்த மேடையிலும் ஏறவில்லை. எல்லைப் பகுதியில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் தமிழில் பேசத் துணிவதே பெரிது என்பதை நடுவர்கள் உணர வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன். பிறகு, நாவின் நுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தை ஒட்டாமல் நிறுத்திப் பழகியபோதுதான் ழகரம் வந்தது. மழை, வாழை, ஏழை, கிழமை என்று நாளொன்றுக்கு இருபது சொற்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், அக்கா. தண்ணீரைப் பற்றிப் பேசுபவளுக்கு 'மழை' பத்து முறையாவது வரும்.

இன்னும் ஒன்று. மறந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. அது நினைவை அதே இடத்தில் கட்டிப்போட்டுவிடும். மூச்சை இழுத்துவிட்டு, தாளில் உள்ள அடுத்த செய்திக்குப் போய்விட வேண்டும். விட்டுப்போனது அவையில் யாருக்கும் தெரியாது. ஒலிவாங்கி பெரியவர்களின் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தால், தாழ்த்தித் தருமாறு கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கலாம், அதில் தவறில்லை.

பதில் 3: ஓசூர், ஒரு மாணவரின் தந்தை

பதிவு செய்யும் முன் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளில், 6 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் அனைவரும் ஒன்றாகவே போட்டியிடுகிறார்கள். முதல் மூன்று பரிசுகள் 5000, 3000, 2000 ரூபாய்; இவை தவிர அரசுப் பள்ளி மாணவர்கள் இருவருக்குத் தலா 2000 ரூபாய் சிறப்புப் பரிசு உண்டு. அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு மாணவருடன் மோத வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் 6 முதல் 8 வரை தனிப் பிரிவு.

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே ஐந்து சொற்களை அவளே எழுதினாள். முதல் நாள், திண்ணையில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த என் மாமியாரிடம் சொன்னாள். இரண்டு இடத்தில் எதையோ விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, மாமியாருக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கையை நிறுத்திவிட்டு, "கிணறு வற்றிப்போச்சுன்னு சொன்னியே, அப்புறம் தண்ணிக்கு நாங்க எங்க போனோம்னு சொல்லலியே" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அன்று இரவு விளக்கணைக்கும் வரை இருவரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் வாக்கியத்தை அவளே மாற்றியிருந்தாள்: "என் பாட்டி சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்." பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அதை வெட்கம் என்றே நான் எண்ணியிருந்தேன், பல்லில் உள்ள கறைக்காக என்று தோன்றவே இல்லை. மேடையில் இதைச் சொல்லலாமா என்று மகள் அவரிடமே கேட்டாள். சொல்லு, பேரை மட்டும் சொல்லிடாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். போட்டி வரும் வியாழக்கிழமை.