அரிசிக் கஞ்சி ஒத்துக்கொள்ளாத 7 மாதக் குழந்தைக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்?

நிலாக்குட்டி அம்மா:
மகளுக்கு 7 மாதம், தாய்ப்பால்தான் குடிக்கிறாள். 6 மாதம் முடிந்ததும் அரிசிக் கஞ்சி ஆரம்பித்தோம். முதலில் ஒன்றும் செய்யவில்லை, அப்புறம் ஒருநாள் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி, சும்மா கக்குவது இல்லை, வயிறு காலியான பிறகும் நிற்காமல் பித்தம் வரை வந்து, வெளுத்துப்போய்த் துவண்டுவிட்டாள். வயிற்றில் கிருமி என்று சொல்லி டிரிப் போட்டு அனுப்பினார்கள். குணமானதும் மறுபடி கஞ்சி, மறுபடி அதே கதை. இப்போது பார்க்கும் அலர்ஜி டாக்டர் இது எஃப்.பி.ஐ.இ.எஸ்., தாமதமாக வரும் உணவு அலர்ஜி, அரிசியை நிறுத்துங்கள் என்கிறார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை, அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. "சோறு ஒத்துக்காத பிள்ளை நம்ம ஊரில் உண்டா" என்கிறார் மாமியார். குருவாயூரில் சோறூட்ட நாளும் குறித்தாயிற்று. எனக்கோ எதைக் கொடுக்கவும் கை வரவில்லை. ஓட்ஸ் தரலாமா, கேழ்வரகு தரலாமா?

கொங்கு அம்மா:
ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம் தோழி. அரிசிக்கு இப்படி வரும் குழந்தைகளில் பலருக்கு ஓட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை. என் மகனுக்கும் அரிசிதான். நாங்கள் பரங்கிக்காயில் ஆரம்பித்தோம், வேகவைத்து மசித்து கால் ஸ்பூன், அவ்வளவுதான். காலையில் மட்டும்தான் புதுசு கொடுப்போம். வாந்தி ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வரும், வயிற்றுப்போக்கு அதற்கும் பின்னால், ராத்திரி தூங்கும் நேரத்தில் அது வந்தால் யார் ஓடுவது? ஒரே பொருளை நாலு நாள் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. முதல் தடவை சும்மா இருந்துவிட்டு இரண்டாவது மூன்றாவது தடவை காட்டும், உங்களுக்கும் அப்படித்தானே ஆகியிருக்கிறது.

அரிசி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இட்லி, தோசை, இடியாப்பம் தெரியும். பொரி, கடையில் விற்கும் சத்துமாவு, குழந்தை பிஸ்கட் இதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது.

ராஜிமா:
எங்கள் காலத்தில் இந்த அலர்ஜி எல்லாம் கிடையாது. வசம்பு சுட்டு உரசி நாக்கில் வையுங்கம்மா, வயிறு தானாகச் சரியாகும்.

வார்டு சிஸ்டர்:
ராஜிமா, கோபிக்க வேண்டாம், துவண்டு போகும் குழந்தைக்கு வாயில் எதையும் வைக்கக் கூடாது, முதலில் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன்.

நிலாக்குட்டி அம்மா, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததுதான் இதன் வழக்கம். அந்தப் பரிசோதனை உடனே தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும் அலர்ஜிக்கானது, அதில் தேடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை. இந்த நோயில் பெரும்பாலும் அதற்கு வேலையே இல்லை, எதைச் சாப்பிட்டாள், எத்தனை மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள் என்பதை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிப்பார். அவரிடம் நோயின் பெயர், ஆகாத உணவு, வந்தால் என்ன சிகிச்சை என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம், கடிதம் இருந்தால் நேரே டிரிப்புக்குப் போவார்கள். வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரான் மருந்து கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பயந்துகொண்டு திட உணவையே தள்ளிப் போடாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது, கேழ்வரகில் கால்சியம் அதிகம்தான், இரும்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. இரும்புச்சத்து சொட்டு மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டை, வேர்க்கடலை எப்போது என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் என்ற வேர்க்கடலை அலர்ஜி ஆய்வுக்குப் பிறகு வேர்க்கடலையைக் காரணமில்லாமல் தள்ளிப் போடச் சொல்வதில்லை.

நிலாக்குட்டி அம்மா:
நன்றி சிஸ்டர், நன்றி தோழி. குருவாயூருக்கு என்ன சொல்வது?

கொங்கு அம்மா:
போய்ட்டு வாங்க, யார் வேண்டாம் என்றது? அங்கே சோறும் பாயசமும் வைப்பார்கள், அரிசியோடு பாலும் சேர்ந்து வந்துவிடும். பழக்கமான பரங்கி மசியலை டப்பாவில் கொண்டுபோய் நைவேத்தியம் போல ஊட்டுங்கள், சோற்றை மாமியார் பிரசாதமாகச் சாப்பிடட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், முகம் கொஞ்சம் தூக்கினார்கள், டாக்டர் கடிதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

கேழ்வரகு ஆரம்பித்தால் முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மிக்சியிலேயே அரையுங்கள். மாவு மில்லில் கொடுத்தால் உங்களுக்கு முன்னால் யாரோ அரிசி அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.