மறு: லோ-கார்ப் டயட், தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

சோறு, கிழங்கு, சர்க்கரையில் இருக்கும் கார்போஹைட்ரேட்டைக் குறைத்துச் சாப்பிடும் லோ-கார்ப் டயட்டுக்கு நம் குழுவில் சிலர் சொன்ன தமிழ்ப் பெயர்களுக்கு என் பதில் இது.

> ‘குறைமாவு உணவு’ போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

போதாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாராவியில் ஒரு கிளினிக்கில் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். வருபவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதி, ‘மாவைக் குறையுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஓர் ஆச்சி வந்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 280. ‘என்ன ஆச்சி, குறைக்கவே இல்லையா?’ என்றேன். ‘மாவத்தான கொறைக்கச் சொன்ன? இட்லி தோசைய அடியோட நிறுத்திட்டேம்லா. மூணு வேளையும் சோறுதான். சோத்துல ஏது மாவு?’

தப்பு அவர்மேல் இல்லை. மாவு என்றால் நமக்குக் கிரைண்டரில் ஆட்டுவதுதான். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது என்பது அந்தச் சொல்லில் எங்கே தெரிகிறது? அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்தது. விரத நாட்களில் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி கொடுப்பாராம். அரிசியும் இல்லை, மாவும் இல்லை என்று அதையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஜவ்வரிசியோ கிட்டத்தட்ட முழுக்க மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்துதான். வேறு சத்து அதில் மிகக் குறைவு.

சரி, ‘குறை மாவுச்சத்து உணவு’ என்று நீட்டினால்? இரண்டு சிக்கல். பழத்தில் இருக்கும் சர்க்கரையும் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் கார்போஹைட்ரேட்தான், ஆனால் மாவுச்சத்து இல்லை. அந்தச் சொல்லை ஸ்டார்ச்சுக்கே விட்டுவிடலாம். இன்னொன்று ‘சத்து’. சத்தைக் குறை என்று ஒரு வயசாளியிடம் சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே உடம்பில் தெம்பில்லை என்பவரிடம்!

> ‘குறைசர்க்கரை உணவு’ என்றால் எல்லாம் அடங்கிவிடும்.

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். இன்சுலின் போடுபவர், சல்போனைல்யூரியா (உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும்) மாத்திரை எடுப்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் வெட்டினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழ வாய்ப்பிருக்கிறது. அந்த நிலையைத்தான் நாம் ‘தாழ்சர்க்கரை’ என்கிறோம். நோயின் பெயரும் உணவின் பெயரும் ஒரே சாயலில் இருந்தால் துண்டறிக்கை படிப்பவர் என்ன செய்வார்? தவிர, டீயில் சீனி போடாவிட்டால் போதும் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: ‘மாச்சத்துப் பத்தியம்’.

‘மாச்சத்து’ அகராதியில் ஏற்கெனவே இருக்கிறது. நெல்லைக் காதுக்கு அதில் தோசை மாவு கேட்காது. (ஈழத்தவருக்குக் கேட்கும், அங்கே மாவே ‘மா’தான். ஆனால் அவர்கள் பாடநூலில் காபோவைதரேற்று என்று எழுதுகிறார்கள், பிழைத்தோம்.) ‘பத்தியம்’ வந்தவுடன் ‘குறை’ தேவையில்லாமல் போகிறது. நல்ல பொருளையும் மருந்துக்காக ஒதுக்குவதுதானே பத்தியம்? அதில் சத்து போய்விடுமே என்று யாரும் கேட்பதில்லை.

அளவைப் பிரிக்கவும் வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள் என்பதுதான் லோ-கார்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது மொத்தக் கலோரியில் 26 சதவீதம். அதற்கும் கீழே 20 முதல் 50 கிராம் வரை என்று இறங்கும் கீட்டோ வகையைக் ‘கடும்பத்தியம்’ எனலாம். சித்த மருத்துவத்தில் பழகிய சொல். மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் ‘கடும்’ என்பதிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

எனக்கே ஒரு நெருடல் உண்டு. நம் வீட்டுப் பத்தியத்தில் ரசஞ்சோறு, கஞ்சி எல்லாம் உண்டு. மீனும் முட்டையும் கூடாது. இங்கே அப்படியே தலைகீழ். போன சனிக்கிழமை ஆச்சியிடம் புதுச்சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ‘மாச்சத்து’க்கு விளக்கம் கேட்டார், சோறு, சப்பாத்தி, பாவ், ஜவ்வரிசி, வாழைப்பழம் என்று விரல்விட்டுச் சொன்னேன். பிடித்துக்கொண்டார். அப்புறம் மீன் சாப்பிடலாமா என்றார். தாராளமாக என்றேன்.

‘மீன் திங்கலாம், கஞ்சி குடிக்கப்படாதா? இது என்ன பத்தியம்ட்டி!’

இதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் எழுதுங்கள். துண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

மாட்டுங்காவிலிருந்து,
உங்கள் குழுத்தோழி