அப்பாவுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தேன்

தங்கச்சிமடத்து மகன்:
மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து முதல் கடல். விடிகாலையில் படகு கரைக்கு வந்தது. அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுவார்; ஆனால் படகில் இரவு முழுவதும் டீ, ஒவ்வொரு கிளாஸிலும் மூன்று கரண்டி சீனி. அன்று இறங்கியவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாற்பது வருடமாகப் போடும் முடிச்சு, கைக்கு வரவில்லை. என்னைப் பார்த்து, இறந்துபோன சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாப்பிடாமல் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதையும் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் எண்ணே காட்டவில்லை. 600-ஐத் தாண்டினால் அப்படித்தான் என்றார் நர்ஸ். அப்பா பிழைத்துவிட்டார். அந்த இரண்டாவது பாட்டிலுக்கு அவர் கை நீட்டியது கண்ணை விட்டுப் போகவில்லை.

கீழக்கரை மகள்:
எல்லாம் கலரும் வெள்ளைச் சீனியும் செய்கிற வேலை. எங்கள் வாப்பாவுக்குச் சீனியை அறவே நிறுத்திவிட்டோம். கருப்பட்டிக் காப்பி, வீட்டில் கிண்டிய தொதல் இனிப்பு, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு நாள் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு கடற்கரையிலிருந்து வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். முற்றத்திலிருந்து கட்டில் வரை இரத்தக் கால்தடம். உள்ளங்காலில் சிப்பி ஓடு முழுதாக ஏறியிருந்தது. "யாருக்கு அடிபட்டது?" என்று அவரே எங்களைக் கேட்டார்.

தேவிபட்டினத்து அக்கா:
தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். நிறம் வேறு, இரத்தத்தில் ஏறுவது ஒன்றுதான். வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் கால் நரம்பு செத்துவிடும். வாப்பாவுக்கு ஓடு குத்தியது தெரியாமல் போனது அதனால்தான். மூளைக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அப்படியே கெடும். பக்கவாதம் வரும், ஞாபகம் மங்கும்.

என் வீட்டுக்காரருக்கு நடந்தது நேர் எதிர். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது வேர்த்துக் கொட்டி, நடத்துநரிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனார். சர்க்கரை 52.

தம்பி, கேள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதனால் சர்க்கரை இறங்கினாலும் மூளை தடுமாறும். மிகவும் ஏறினால் சிறுநீராக நீர் வெளியேறி உடல் வற்றிப்போகும், அப்போதும் தடுமாறும். அந்த அடங்காத தாகம் ஏற்றத்தின் அடையாளம். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மீட்டர் இல்லாத இடத்தில், நினைவு இருந்தால், சர்க்கரை கொடுப்பதுதான் முறை. இறக்கம் நிமிடங்களில் ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். நீ முதல் பாட்டில் கொடுத்தது தவறே இல்லை. ஆனால் தினமும் அந்த டீ? நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது நோயில்லாதவர்களுக்கே. 300 மில்லி கோலா ஒன்றிலேயே ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது.

கீழக்கரை மகள்:
எங்கள் பாட்டனார் தொண்ணூறு வயது வரை கருப்பட்டிதான் சாப்பிட்டார், அக்கா.

தேவிபட்டினத்து அக்கா:
அவர் பகலெல்லாம் பாடுபட்டிருப்பார். வாப்பாவின் காலை இன்று இரவே விளக்கு வைத்துப் பார்.

தங்கச்சிமடத்து மகன்:
அக்கா, மீட்டர் வீட்டில் இருந்தது. சோதிக்கும் பட்டை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடல் திறந்ததும் வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான்.